குலசையில் எடுத்த ஒரு படம்

பிடிமண் எடுக்கப் போகிறவர் வாயை அடக்கிக்கொண்டு போய்வர வேண்டும் என்று மலேசியாவில், ஈப்போவில் கிளம்பும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள். யாரையும் ஏசக் கூடாது, யார் மனதையும் நோகடிக்கக் கூடாது, மாமிசம் ஆகாது. மாமிசத்தைத்தான் கஷ்டம் என்று நினைத்தேன்.

எங்கள் முத்தாரம்மன் கோயில் ரப்பர்த் தோட்டத்துக்குள் தகரக் கூரையோடு இருந்தது. தோட்டம் வீட்டுமனையாகிவிட்டதால் கோயிலை வேறு இடத்தில் கட்டுகிறோம். புது மூலஸ்தானத்துக்கு அடியில், குலசை என்று சொல்லும் குலசேகரன்பட்டினத்துத் தாய்க்கோயிலின் மண் ஒரு பிடியாவது போக வேண்டும். அதற்குப் பெயர்தான் பிடிமண். எங்கள் முன்னோர் கப்பலேறும்போது இடுப்பில் முடிந்து கொண்டுவந்த மண், இப்போது யார் வீட்டுக் காருக்கு அடியில் கிடக்கிறதோ தெரியவில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். டீச்சருக்கு நேரம் இருக்கிறது, துணிந்து பேசுவார், நன்றாகப் படம் எடுப்பார் என்று சொல்லி நிர்வாகத்தினர் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பேச்சும் படமும்தான் என்னைக் கவிழ்த்தன.

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் செல்வக்கனி அக்கா வீட்டில் இறங்கினேன். அம்மா வழியில் எனக்கு அக்கா முறை. மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகத்துக் கிரேன்கள், மறுபக்கம் உப்பளம். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்தால் சீனி என்றுதான் நினைப்பார்கள். அக்காவின் கணவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதி வேலை பார்க்கிறவர். வீடியோ காலில் எப்போது பார்த்தாலும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர். நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. "தசராவுக்கு மால போட்டுருக்காவ, குடில்ல இருக்காவ" என்றாள் அக்கா. பயணக் களைப்பில் அது என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் அக்கா குளிக்கப் போயிருந்தாள். வாசலில் ஒருவன் வந்து நின்றான். கிழிந்த சாக்கு, முகமெல்லாம் கரி, கையில் நசுங்கிய அலுமினியத் தட்டு. "தாயே, தர்மம் போடுங்க" என்றான். சாக்குக்கு மேலே நல்ல தொந்தி.

பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் பள்ளிக்கூடக் குரல் என்னை விட்டுப் போகவில்லை. "கை காலு நல்லாத்தான இருக்கு? இந்தத் தொந்திய வச்சிக்கிட்டுப் பிச்ச கேக்க வெக்கமா இல்ல? போய் ஒழச்சுச் சாப்புடுங்க" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அக்கா ஈரத் தலையோடு ஓடிவந்தாள். தட்டில் அரிசியும் பணமும் போட்டாள். அவன் காலில் விழுந்தாள். அவன் அவள் நெற்றியில் திருநீறு பூசினான். எழுந்தவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"ஏளா, அது ஒங்க அத்தான்!"

கரிக்குள்ளிருந்து பற்கள் தெரிந்தன. "கொழுந்தியா மலேசியாவுலேருந்து வந்து நல்லா தர்மம் போட்டா" என்று சொல்லிவிட்டு அத்தான் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பிறகுதான் அக்கா விளக்கினாள். குலசை தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருப்பார்கள். கொடியேறியதும் கையில் காப்புக் கட்டி, நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போடுவார்கள். ராஜா, போலீஸ், கரடி, குறத்தி, காளி என்று அவரவர் நேர்ச்சைப்படி. அந்த வேஷத்தோடு வீடு வீடாகப் போய்க் கையேந்தி, கிடைத்ததையெல்லாம் குலசை உண்டியலில் சேர்ப்பார்கள். அதுவரை வீட்டுக்குள் நுழையக் கூடாது. தசராக் குழுவின் குடிலில்தான் சாப்பாடும் தூக்கமும். சொந்த மனைவி வீடும் ஒரு வாசல்தான்.

"வேசம் போட்டுட்டா அத்தான் இல்ல, அம்மன்" என்றாள் அக்கா. "ஆபீசுல எல்லாரும் சாரு, சாருன்னு பின்னால வாரதுல மனுசனுக்கு ஒரு நெனப்பு வந்துருதுல்லா. அது ஒடையணும்னுதான் பிச்சக்கார வேசம் கேட்டு நேந்திருக்காவ."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். நான் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டதில் அக்காவுக்கே சலித்துவிட்டது. "அத்தான்னு தெரியல, ஏசிட்ட. சரி. நெசப் பிச்சக்காரனா இருந்தா மட்டும் ஏசலாமா?" என்றாள். அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கவில்லை. தசரா முடியும்வரை இந்தப் பக்கம் யார் கை நீட்டினாலும் காலில் விழுந்துவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் தூத்துக்குடியைச் சுற்றினேன். பேக்கரியில் மக்ரூன் வாங்கிக் கடற்கரையில் உட்கார்ந்து காலி செய்தேன். வாயில் போட்டதும் காணாமல் போகும் இப்படி ஒரு தின்பண்டம் எங்கள் ஊரில் கிடையாது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "முட்ட வெள்ளக்கரு இல்லாம மக்ரூன் ஏது? பிடிமண் எடுக்க வந்தவ செய்யுத வேலையா இது?" என்று அக்கா என்னைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வைத்தாள். விரதத்தில் முட்டை தின்றதுதான் இந்தப் பயணத்தின் பெரிய பாவம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

குலசேகரன்பட்டினம் பாண்டியன் பெயரில் அமைந்த பழைய துறைமுகம். இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்தில் கப்பல்கள் வந்து நின்ற ஊர் என்கிறார்கள். அந்த முத்தால்தான் அம்மனுக்குப் பெயர் வந்தது என்பார்கள் சிலர். உடம்பில் முத்துப் போட்ட அம்மை நோயை ஆற்றுகிறவள், அதனால் முத்தாரம்மன் என்பார்கள் சிலர். இங்கே சுவாமியும் அம்மனும் ஒரே பீடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பூசாரியின் கனவில் அம்மன் வந்து, இன்ன ஊர்ச் சிற்பியிடம் போ என்றாளாம். அதே இரவு சிற்பியின் கனவிலும் வந்து, எங்கள் இருவரையும் ஒரே கல்லில் செதுக்கு என்றாளாம். தசராவின் கடைசி நாளில் கடற்கரையில் சூரன் வதம். அவனும் தலையை மாற்றி மாற்றி வேஷம் போட்டுத்தான் வருவான். எந்த வேஷத்தில் வந்தாலும் அம்மன் கண்டுபிடித்துவிடுவாள். என்னிடம் அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

குலசைக்குப் போகும் பேருந்துகளில் கால் வைக்க இடமில்லை. அத்தானின் குழுவோடு மினி லாரியில் ஏற்றிவிட்டாள் அக்கா. மூன்று காளிகள், ஒரு கரடி, மேளக்காரர்கள், கரி பூசிய அத்தான், நான். ஆறுமுகநேரி தாண்டி வண்டி நின்றுவிட்டது. டிரைவர் அடியில் படுத்துக்கொண்டு திட்ட ஆரம்பிக்க, காளிகள் வரிசையாக இறங்கி ரப்பர் நாக்கை இடுப்பில் செருகிக்கொண்டு கருப்பட்டிக் காபி குடித்தார்கள். டீக்கடை அண்ணாச்சி காசு வாங்க மறுத்துவிட்டு, மூன்று பேரையும் கும்பிட்டார். கரடியிடம் மட்டும், "ஏலே, நீ எங்க தெரு மாரியப்பன் மவன்தான?" என்று கேட்டார். கரடி வெட்கத்தோடு தலையாட்டியது. நான் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். எங்கள் ஊர்த் தைப்பூசத்தில் அலகு குத்தியவர் முகத்துக்கு நேராகப் போனை நீட்டிப் பழகிய கை அது. எடுக்க எடுக்க ஈப்போ கோயிலின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிக்கொண்டே வந்தேன். செயலாளர் முனியாண்டி எல்லாவற்றுக்கும் கைதட்டல் போட்டார்.

குலசை முழுக்க வேஷம். மணல் தெருவில் ராஜாவும் குறவனும் ஒரே தண்ணீர்ப் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். வரிசையில் நின்று அம்மனைப் பார்த்தேன். அந்த நெரிசலிலும் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் காலையில் வாருங்கள், பிடிமண் தருகிறேன் என்றார் பூசாரி. மிதப்போடு கடற்கரைப் பக்கம் நடந்தேன்.

பனைமரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்து கை நீட்டியிருந்தார். என் வயதுதான் இருக்கும். நைந்த சேலையைத் தோளில் ஊக்குப் போட்டுப் பிடித்திருந்தார். பாதங்கள் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளை படிந்திருந்தது. அத்தான் எல்லாம் இவர் பக்கத்தில் நிற்க முடியுமா என்று தோன்றியது.

காலில் விழுந்தேன். எழுந்து, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, அசலா இருக்கும்மா! இத்தன வேஷம் பாத்துட்டேன், ஒங்கள மாதிரி ஒருத்தர் போடல. இந்தக் கால் வெடிப்பு எதுல வரஞ்சீங்க? யாரு மேக்கப்பு?" என்று கேட்டேன்.

அவர் பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். என்ன அடக்கம் என்று நினைத்தேன். முகத்துக்குக் கிட்டே போனைக் கொண்டுபோய்ப் படம் எடுத்தேன். 'தத்ரூபம்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து ஈப்போவுக்கு அனுப்பினேன். சுற்றி நின்றவர்களில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். யாரோ ஒருவர், "யம்மா, வாங்க அங்கிட்டு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு வேசமில்லம்மா" என்றார் அந்தப் பெண்.

நீட்டிய போனை இறக்கினேன். ஒருவருடைய இல்லாமையைப் பார்த்து, நன்றாக நடிக்கிறீர்கள் என்று பாராட்டியிருக்கிறேன். அவர் கால் வெடிப்புக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "போட்டோவ ஆருக்கும் அனுப்பிராதம்மா. எம் மவளுக்குத் தெரியாது."

உப்பளத்தில் கால் ஓயும்வரை வேலை பார்த்தவர். மகளைக் கொஞ்சம் வசதியான இடத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்; ஊரையும் சொன்னார். தசராவுக்குக் குலசை மண்டபத்தில் சமையல் வேலைக்குப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வருவாராம். "மத்த நாளு கை நீட்டுனா மூஞ்சியத் திருப்பிக்கிடுவாவ. இந்தப் பத்து நாளு மட்டும் எல்லாரும் கையேந்துதாவல்லா. எனக்கும் குனிஞ்சு கும்புட்டுத்தான் போடுதாவ. யாரு எவருன்னு கேக்க மாட்டாவ. மவ வீட்டுக்குப் போகையில பேரப்பிள்ளைக்கு எதையாவது கையில கொண்டு போவணும்ல்லா?"

ஊரே வேஷம் போட்டிருக்கும்போது, வேஷம் இல்லாமல் மரியாதையாக உட்கார அவருக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் போய்க் கூச்சல் போட்டிருக்கிறேன்.

"இப்பவே அழிச்சிடுறேம்மா" என்று போனை எடுத்தேன். குழுவில் அழித்தேன். அதற்குள் முனியாண்டி அழைத்துவிட்டார். "டீச்சர், அந்தப் பாட்டி படம் பிச்சிக்கிட்டுப் போவுது! நம்ம கோயில் ஃபேஸ்புக் பக்கத்துல போட்டேன். குலசைக்காரங்களே எடுத்துப் போடுறாங்க!"

"எடுத்துருங்க முனியாண்டி."

"ஏன் டீச்சர்? கும்பாபிஷேக மலரோட அட்டைக்கே இத..."

"எடுன்னா எடுங்க!" என்று கத்தினேன். அவர் எடுத்துவிட்டார். மற்றவர்கள் எடுத்துப் பகிர்ந்துவிட்டதை அவரால் என்ன செய்ய முடியும்? அப்படிப் போடப்பட்டிருந்த ஒரு படத்தின் கீழே, 'இந்த அம்மாவ எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே' என்று யாரோ எழுதியிருந்தார்கள். போட்டவருக்கு எழுதிக் கெஞ்சினேன். பதில் வரவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சாச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா. பொய் சொல்லத்தான் வாய் வந்தது. "எங்க ஆளுங்ககிட்ட அழிச்சாச்சும்மா. வேற ஆளுங்க எடுத்து வச்சிருக்காங்க. அவங்கள என்னால ஒண்ணும் செய்ய முடியல" என்றேன். பைக்குள் இருந்த பணத்தை அப்படியே அள்ளி நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "இத வாங்குனா போட்டோவுக்குக் கூலி மாதிரி ஆயிரும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்.

சாயங்காலம், குலசையில் குழு தங்கியிருந்த இடத்தில் அத்தானிடம் சொன்னேன். "அந்தம்மாவ எனக்குத் தெரியும் கொழுந்தியா. வருசா வருசம் பக்கத்துலதான் உக்காருவேன். என் தட்டுல விழுகுதத உண்டியல்ல போட்டுட்டு, காப்ப அவுத்துட்டு, வெள்ளச் சட்டையப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துருவேன். அந்தம்மா எங்கன போவாவன்னு ஒருநாளும் கேட்டது கெடையாது" என்றார். அவருக்கும் என்னைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

காலையில் குளித்துவிட்டு, மஞ்சள் துணியோடு பூசாரி முன்னால் நின்றேன். கை நிறைய மண்ணை அள்ளினார். கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டாம். பிடிமண் வாங்க வரும் எல்லோரையும் கேட்பதுதானாம்.

"வந்த வழியில யாரு மனசும் நோகாம வந்தியளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. கடல் தாண்டி வந்தது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி மண்ணை வாங்கத்தான். ஈப்போவில் குழி தோண்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். "இல்ல சாமி, நோகடிச்சிட்டேன்" என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. மண்ணைத் திரும்ப அங்கேயே போட்டார். "போயி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. மண்ணு எங்கயும் போயிராது" என்றார்.

பனைமரத்தடியில் அவர் இல்லை. அன்னதான வரிசையில் இல்லை. பேருந்து நிற்கும் இடத்தில் இல்லை. யாரிடம் போய் என்னவென்று கேட்பது? பிச்சைக்கார அம்மா என்று கேட்டால், "எந்தக் குழு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். வெயிலில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நாக்கைத் துருத்திய முகங்கள், மீசை வரைந்த முகங்கள், நீலம், சிவப்பு, பச்சை. கண்டுபிடித்தாலும் என்ன சொல்லப் போகிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் கால் தயங்கியது.

வெயில் தாழ்ந்தபோது கடற்கரை மணலில் ஒரு அம்மன் வேஷத்தைக் கடந்துபோனேன். நீலச் சாயம் பூசிய முகம், உதட்டில் சிவப்பு, தலையில் யாரோ கொடுத்த பழைய அட்டைக் கிரீடம். இரண்டடி போன பிறகுதான் மனதில் தட்டியது. திரும்பி வந்து கீழே பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்த பாதம், வெடிப்புக்குள் வெள்ளை.

முகத்தைப் பூசியிருந்தார். பாதத்தை மறைக்க வழியில்லை.

அப்படியே காலில் விழுந்தேன். "என்ன மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மா" என்று மணலில் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சுற்றி நின்றவர்களுக்கு நான் அம்மனிடம் அழுவதாகத் தோன்றியிருக்கும். பக்கத்தில் வந்து இன்னும் இரண்டு பெண்கள் விழுந்தார்கள்.

அவர் குனிந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். "விரதமில்லாம சாயம் பூசுதது தப்புத்தான். ஆத்தா பொறுத்துக்கிடட்டும். என்ன செய்ய? இனும மூஞ்சியக் காட்டிக்கிட்டு இங்கன உக்கார முடியாதுல்லா."

அந்த ஊரில் வேஷம் போடாத ஒரே ஒரு ஆள் அவர்தான். அவருக்கும் நான் வேஷம் போட்டுவிட்டேன்.

நான் எழுந்திருக்கவில்லை. அவரே என் தோளைத் தொட்டார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "இப்பம் எடுத்துக்கோ தாயி, போட்டோ. இப்பம் ஆருக்கும் தெரியாது."

என் போன் பைக்குள்ளேயே கிடந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண் போனை நீட்டிப் படம் எடுத்தாள். அவர் அசையாமல் நின்று கொடுத்தார்.

கோயிலுக்குத் திரும்பினேன். பூசாரி அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு இப்போதும் ஆமாம் வரவில்லை. என் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு அவராகவே மண்ணை முடிந்து கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மகள் படத்தைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அந்த மகளின் ஊர் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

மண் இப்போது எங்கள் அம்மனுக்குக் கீழே இருக்கிறது. டீச்சர்தான் போய்க் கொண்டுவந்தார் என்று சொல்லி விசேஷ நாட்களில் என்னை முன்வரிசையில் நிறுத்துகிறார்கள். தீபாராதனை காட்டும்போது எல்லோரும் அம்மன் முகத்தை எட்டிப் பார்க்கிறார்கள். என் கண் பாதத்துக்குப் போகிறது. எங்கள் பூசாரி அங்கே பூவைக் குவித்து மூடியிருக்கிறார், எனக்கு வெடிப்புதான் தெரிகிறது.